ஸ்டியரிங்கை விடாத கை

டிரைவிங் ஸ்கூல் விண்ணப்பத்தில் எல்லாக் கேள்விக்கும் காலர் அக்கா பதில் எழுதிவிட்டாள். பிறந்த தேதி, ரத்த வகை, வலிப்பு உண்டா, தலைசுற்றல் உண்டா. இல்லை, இல்லை. உயரம் கேட்ட இடத்தில் இரண்டு அங்குலம் கூட்டியே போட்டாள். சீட்டில் ஒரு தலையணையைப் போட்டால் பொய் மெய்யாகிவிடும் என்ற தைரியம்தான். கடைசியில் இரண்டே இரண்டு கட்டம். ஒன்றின் பக்கத்தில் மேனுவல், இன்னொன்றின் பக்கத்தில் ஆட்டோமேட்டிக். அங்கே வந்து நின்ற பேனா நின்றதுதான்.

மேஜைக்கு அந்தப் பக்கம், கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பெண் புளிப்பு மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு காத்திருந்தாள். இருபத்தாறு வயசு இருக்கும். தன் வயதில் பாதிதான் என்றாலும் காலர் அக்கா அவளை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிட்டாள்.

"ஐயோ அக்கா, எங்க வீட்டுல என்னை நாய்க்குட்டி கூட மதிக்காது. நீங்க மாஸ்டர்ங்கிறீங்க!"

"சொல்லிக்கொடுக்கிறவங்க மாஸ்டர்தானே? இதுல எதுக்கு டிக் அடிக்கணும், சொல்லுங்க."

"ஆட்டோமேட்டிக்ல பாஸ் பண்ணினா ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். மேனுவல்ல பாஸ் பண்ணினா ரெண்டையும் ஓட்டலாம். ஆனா ஆட்டோமேட்டிக்னா ஆறு வாரத்துல லைசென்ஸ். மேனுவல்னா நாலு மாசம், அஞ்சு மாசம், ஆளைப் பொறுத்தது. எங்ககிட்ட ஒருத்தர் சேர்ந்தப்போ அவர் பையன் தவழ்ந்துட்டிருந்தான். இப்போ பையன் அவருக்கு ஓட்டிக் காட்டுறான்."

காலர் அக்கா பேனாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்கக்கா. அதுக்கப்புறம் லிஸ்ட் போயிடும். அதுவரைக்கும் ரெண்டுலயும் ஒருதடவை ஓட்டிப் பாருங்க. செருப்புக் கடையில போட்டுப் பார்க்கிற மாதிரிதான். கடிச்சா கழட்டிடலாம்."

காலர் அக்கா என்பது சும்மா வந்த பேர் இல்லை. சட்டை தைக்கிற ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷமாகக் காலர் மட்டும் தைக்கிறாள். அந்த வரிசையில் கை தைப்பவள் ஒருத்தி, பை தைப்பவள் ஒருத்தி, பட்டன் ஒருத்தி. முழுச் சட்டை எப்படி இருக்கும் என்பது கடைசியில் இஸ்திரி போடுகிறவருக்குத்தான் தெரியும். காலர்தான் இருப்பதிலேயே கழுத்தறுப்பு. முனை திரும்புகிற இடத்தில் மெஷினை நிறுத்தவும் கூடாது, ஓட விடவும் கூடாது. பெடலைப் பாதி மிதியில் பிடித்துக்கொண்டு நாலே நாலு தையலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முன்பாதத்தை அழுத்தினால் மெஷின் ஓடும். குதிகாலைப் பின்னால் அழுத்தினால் ஊசி நின்று, நூலும் தானாக அறுந்துவிடும். அப்புறம் ஒரு சட்டம் உண்டு: மெஷின் ஓடும்போது கை துணியை விட்டு வரக்கூடாது. புதிதாக வந்த ஒருத்தி மூக்கைச் சொறியக் கையை எடுத்தாள், திரும்ப வைத்தபோது ஊசிக்குக் கீழேயே வைத்தாள். அதைப் பக்கத்து மெஷினிலிருந்து பார்த்த நாள் முதல், மூக்கு அரித்தாலும் சரி, மோட்டு வளை இடிந்து விழுந்தாலும் சரி, காலர் அக்காவின் இரண்டு கையும் துணியிலேயே இருக்கும்.

அந்தக் காலும் அந்தக் கையும்தான் இனிமேல் கலாட்டா பண்ணப்போகின்றன. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் வீட்டுக்காரரை எல்லாரும் டிரைவர் என்றுதான் சொல்வார்கள். இப்போது அவர் ஓட்டுவதில்லை, ஆனாலும் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். அவர் கியர் மாற்றுவது தூங்குகிற குழந்தைக்குத் தெரியாது என்று பெற்றோர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதனாலேயே பாதிக் குழந்தைகள் தூங்கிப்போய், பள்ளிக்கூட வாசலில் ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கதவில் தோளை இடித்துக்கொண்டார். அப்புறம் மேஜையில் இடுப்பை. அப்புறம் வேன் கண்ணாடியில் ஒரு சைக்கிள்காரர் உரசினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே வேன் சாவியைப் பள்ளிக்கூட ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்தார். வழியில் யாரையும் இடிக்கவில்லை என்று அவளிடம் சொன்னார். அதுதான் அன்று அவர் சொன்ன ஒரே செய்தி.

கண் நரம்பு ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருகிறது என்றார் டாக்டர். நடுவில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது, சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரி. அந்தத் துவாரமும் அடைபட இனி ஆறு மாசம் ஆகலாம். அதிர்ஷ்டம் இருந்தால் அதற்குமேல் கொஞ்சம்.

ஒரே மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் இரண்டு பேர், இரண்டு தட்டு, ஒரு கார். காருக்கு டிரைவர் வைத்த பேர் கிழவி. வெள்ளையாகப் பிறந்து, வெயிலில் காய்ந்து, இப்போது பழைய பல் நிறத்தில் இருந்தாள். மேனுவல். வீட்டை ஒட்டி மூடிப்போன மரக்கடை ஒன்று உண்டு. அதன் நீளமான முற்றத்தில் நிறுத்திக்கொள்ளக் கடைக்காரர் எப்போதோ அனுமதி கொடுத்ததோடு சரி, அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

கண் நன்றாக இருந்த காலத்தில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இருவரும் கிழவியில் ஏரிக்குப் போவார்கள். ஒன்றரை மணி நேர ஓட்டம். ஃபிளாஸ்கில் டீ. கரையில் நிறுத்தி, பானெட்டில் சாய்ந்து குடித்துவிட்டுத் திரும்புவார்கள். அவ்வளவுதான். மீன் பிடிப்பதில்லை, குளிப்பதில்லை, ஒரு போட்டோ கூட எடுத்ததில்லை. வாரம் முழுக்கக் குனிந்து தைத்தவள், வண்டி மூன்றாவது கியருக்குப் போவதற்குள் தூங்கிவிடுவாள். "இந்த சீட்டுல உட்கார்ந்தாலே கண்ணைச் சொக்குதுங்க" என்பாள். ஏரி வந்ததும் அவர் எழுப்புவார். "ஏய், தண்ணி ஏறியிருக்கு பாரு." இல்லாவிட்டால், "தண்ணி இறங்கிடுச்சு பாரு." இத்தனை வருஷம் போய்வந்தும் ஏரிக்கு வழி அவளுக்குத் தெரியாது. ஏரி மட்டும்தான் தெரியும்.

இப்போது அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. அந்தச் சாவித் துவாரம் அடைபடுவதற்குள் அவரை ஒருதடவை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பஸ் அங்கே போகாது. வாடகைக் காரில் போகலாமே என்று ஒருதடவை கேட்டாள். "இன்னொருத்தன் கியர் மாத்துறதைக் கேட்டுக்கிட்டு ஒன்றரை மணி நேரமா? காதையாவது எனக்கு மிச்சம் வை" என்றுவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் நாத்தனார் நுழைந்தாள். டிரைவரின் தங்கை. பல் மருத்துவமனை வரவேற்பு மேஜையில் வேலை. தினமும் நூறு பேரை "வாயைத் திறக்க வேண்டாம், உள்ளே போய்த் திறங்க" என்று அதட்டி அதட்டி, எல்லாரிடமும் அதே குரலில் பேசுகிறவள். அவள் புதுக் கார் வாங்கப்போகிறாள். பழையதை அண்ணனுக்கே கொடுத்துவிடுகிறேன் என்றாள். ஆட்டோமேட்டிக்.

"அண்ணி, யோசிக்காதீங்க. ஏறி உட்கார்ந்தா போகும், மிதிச்சா நிக்கும். ஆறு வாரத்துல நீங்க அண்ணனை எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போகலாம். இந்தக் கிழவியை எதுக்கு வெச்சிருக்கீங்க, எலி பிரசவம் பார்க்கவா? பழைய வண்டி எடுக்கிறவர்கிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வருவார்."

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காலர் அக்கா நன்றி சொன்னாள். சொன்ன பிறகும் ஏதோ ஒரு நூல் பிசிறு கழுத்தில் குத்திக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து ஆட்டோமேட்டிக்கை ஓட்டிப் பார்த்தாள். வெண்ணெயில் கத்தி போன மாதிரிதான். மாஸ்டர் மிட்டாயைக் கடிக்கக்கூட மறந்துவிட்டாள். "அக்கா, நீங்க ஏற்கெனவே ஓட்டியிருக்கீங்கதானே? பொய் சொல்லாதீங்க." வளைவில் வண்டி காலர் முனை மாதிரி திரும்பியது. கையும் அசையவில்லை, தோளும் அசையவில்லை.

"சரிக்கா, அந்தக் குப்பைத்தொட்டிக்கு முன்னாடி நிறுத்துங்க."

காலர் அக்கா நிறுத்தினாள். அதாவது, பத்தொன்பது வருஷமாக எப்படி நிறுத்துவாளோ அப்படி: குதிகாலைப் பின்னால் அழுத்தினாள். ஊசி நிற்கும், நூல் அறுந்துவிடும் என்று முழு நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நிற்கவில்லை. ஆட்டோமேட்டிக் ஆயிற்றே, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் அது பாட்டுக்கு ஊர்ந்துகொண்டே போனது. அவள் இன்னும் அழுத்தமாகக் குதிகாலை ஊன்றினாள். மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பதற்குள் குப்பைத்தொட்டி மரியாதையாகச் சாய்ந்து படுத்துவிட்டது.

"என்னக்கா பண்றீங்க?"

"நூலை அறுத்தேன் மாஸ்டர்."

மாஸ்டருக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆனது. புரிந்த பிறகு சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம். இருவரும் இறங்கித் தொட்டியை நிமிர்த்தி, சிதறியதை எல்லாம் பொறுக்கிப் போட்டார்கள். "இது ரெண்டு வகுப்புல சரியாயிடும். ஆறு வாரம் கூட வேணாம், அஞ்சே போதும்" என்றாள் மாஸ்டர்.

அன்று சாப்பிடும்போது காலர் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். டிரைவர் சிரித்ததில் புரையேறியது. தலையில் தட்டிவிட்டபடி கேட்டாள்:

"நீங்க என்ன சொல்றீங்க? எதுல கத்துக்கட்டும்?"

"ஆட்டோமேட்டிக்குலயே கத்துக்கோ. காலம் போற பக்கம் போக வேண்டியதுதான்."

"நெஜமாவா?"

"கியர் எல்லாம் எதுக்கு உனக்கு? வேலைக்குப் போய்ட்டு வந்து இதுவேற."

தட்டைத் தடவித் தடவிக் கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்து எடுத்தார். அவர் வாயிலிருந்து வேறொரு சொல் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. மேனுவல் வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. மனுஷன் இப்படித்தான், கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தால் கேட்கவே மாட்டார்.

மறுநாள் அவள் வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து மரக்கடை முற்றம் தெரியும். டிரைவர் கிழவியின் உள்ளே, தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடவில்லை. கிளட்சை மிதித்தார். கை மட்டும் கியரில். ஒன்று. இரண்டு. கொஞ்சம் நிதானம். மூன்று. இன்னும் கொஞ்சம் நிதானம், நாலு. அப்புறம் மூன்றுக்கு இறங்கி, இரண்டுக்கு இறங்கி, மறுபடி ஒவ்வொன்றாக ஏறினார். அவள் கையில் பாத்திரத்தோடு நின்று பார்த்தாள். முதலில் அவர் சும்மா விளையாடுகிறார் என்றுதான் நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குகிற இடம் ரயில்வே கேட்டாக இருக்கும். நாலில் நீளமாகப் போவது பெரிய ரோடு. தூங்கிக்கொண்டே போயிருந்தாலும் அந்தத் தாளம் அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. மனுஷன் அங்கேயே உட்கார்ந்து ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ ஒன்றும் இல்லை. சும்மா.

வியாழக்கிழமை மேனுவல். கால் வைத்த முதல் நிமிஷமே மாஸ்டர் கதவுப் பிடியை விட்டுவிட்டாள். கிளட்சை எந்த இடத்தில் விட்டால் வண்டி நகருமோ, அந்த மயிரிழை இடத்தைக் கண்டுபிடிக்க மற்றவர்களுக்கு இரண்டு வாரம் ஆகும். அதுவரை வண்டி விக்கல் எடுத்த ஆடு மாதிரி துள்ளும். காலர் அக்காவுக்கு அது காலர் முனை. பாதி மிதி. வண்டி சொட்டுச் சொட்டாக நகர்ந்தது.

"அக்கா, என் சர்வீஸ்ல இப்படி ஒரு காலைப் பார்த்ததில்ல!"

"உங்க சர்வீஸ் எத்தனை வருஷம் மாஸ்டர்?"

"பதினோரு மாசம். சரி, இப்போ கையை எடுத்து ரெண்டாவது கியர் போடுங்க."

கை வரவில்லை.

"கையை எடுங்கக்கா."

"எடுக்கிறேன்."

எடுக்கவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, கை ஸ்டியரிங்கில் இருக்கிறது; ஓடுகிற மெஷினிலிருந்து எப்படிக் கையை எடுப்பது? மனசு சொன்னது, கை கேட்கவில்லை. எஞ்சின் முதல் கியரிலேயே அழுதது. விரல்கள் வெளுத்துப்போயின. மாஸ்டர் ஒரு விரலைப் பிடித்து மெல்ல நெம்பிப் பார்த்தாள். அது பசை போட்டு ஒட்டியது மாதிரி இருந்தது. மூன்று தெருவை முதல் கியரிலேயே சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். பின்னால் வந்த காய்கறி வண்டிக்காரர் முந்திக்கொண்டு போகும்போது, "தள்ளிவிடட்டுமாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"அக்கா, உண்மையைச் சொல்லிடறேன்" என்றாள் மாஸ்டர். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. "உங்க கால் மேனுவல் கால். ஆனா கை ஆட்டோமேட்டிக் கை. இந்தக் கைக்கு நாலு மாசம் போதாது. உங்களுக்கு நேரம் இல்லைன்னு சொன்னீங்களே. ஆட்டோமேட்டிக்குக்கு டிக் அடிச்சிடுங்க."

காலர் அக்கா தலையாட்டினாள். வழியெல்லாம் கையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள், யாரோ இரவல் கொடுத்த கையைப் போல.

வெள்ளிக்கிழமை நாத்தனார் தன் காரின் உபரிச் சாவியோடு வந்தாள். மேனுவல் கதை அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது.

"அதான் கையே சொல்லிடுச்சே அண்ணி, இன்னும் என்ன யோசனை? நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் மதில்மேல் பூனையா உட்கார்ந்திருப்பீங்களா? நாலு மாசம், அஞ்சு மாசம்னு இழுத்துட்டுக் கடைசியில கண் கெட்ட பிறகு சூரிய..."

டப்பென்று வாயை மூடினாள். பல் மருத்துவமனையில் ஒருவர்கூட அவ்வளவு வேகமாக மூடியிருக்க மாட்டார்.

"நமஸ்காரம்" என்று முடித்துவைத்தார் டிரைவர். "சொல்லும்மா, பாதியில விடாதே. அபசகுனமாயிடும்." அவர்தான் முதலில் சிரித்தார். நாத்தனார் சிரிக்க முயன்று, அழுது, "போண்ணே" என்று அவர் தோளில் ஓங்கி அடித்துவிட்டுப் போனாள். சாவி மேஜையில் கிடந்தது.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. மதியம் திரும்பியவள் பையைக்கூட வைக்காமல் சொன்னாள்:

"என்னங்க, நாளைக்குக் கிழவி போயிடுவா. ஒருதடவை நான் அவளை ஓட்டணும். முற்றத்துக்குள்ளயேதான். நீங்க பக்கத்துல உட்காருங்க."

டிரைவர் எழுந்து சட்டையை மாற்றினார். முற்றத்துக்குப் போக எதற்குச் சட்டை என்று அவள் கேட்கவில்லை.

அவர் அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. தடவித் தடவி ஏறி உட்கார்ந்தார். சீட்டு அப்படியே பின்னால் சாய்ந்து அவரை மல்லாக்கப் போட்டது. "அடிப்பாவி, கட்டிலா இது?" என்றார் கூரையைப் பார்த்தபடி. இத்தனை வருஷத் தூக்கத்துக்கு ஏற்ற சாய்மானம். நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

கிழவி இருமி, செருமி, கிளம்பினாள். முதல் கியரை நின்ற நிலையிலேயே போட்டாயிற்று. பாதி மிதி. முற்றத்தில் சருகுகள் நொறுங்கின. அவள் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டன. எஞ்சின் ஏறி ஏறிக் கத்த ஆரம்பித்தது.

"வரலைங்க. கை வரமாட்டேங்குது."

"உன்னை யார் கையை எடுக்கச் சொன்னா? கிளட்சை மிதி."

மிதித்தாள். அவர் கை கியரைத் தேடிப் பிடித்து இழுத்தது. கர்ரென்று பல்லைக் கடித்தாள் கிழவி. "ஐயய்யோ, கை மாறிப்போச்சு" என்றார். இத்தனை காலம் கியர் போட்டது அந்தப் பக்கத்துக் கை. இப்போது இந்தக் கை புதுசாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. "இன்னொரு தடவை. மிதி."

இந்தத் தடவை சத்தமே இல்லை. கியர் மாறியது அவளுக்குத் தெரியவே இல்லை. வண்டி மட்டும் மூச்சு விட்டது.

"சுவர் வருதுங்க."

"வரட்டும். நீ திருப்பு."

முற்றத்தை ஒரு சுற்று. நிறுத்தி, கிளப்பி, இன்னொரு சுற்று. அவள் வாயைத் திறக்கத் தேவையே இருக்கவில்லை. எஞ்சின் சத்தம் எங்கே ஏறுகிறதோ அங்கே அவர் கை தயாராக இருந்தது. அவள் கால் மிதித்த அதே நொடியில் கியர் நகர்ந்தது. சாவித் துவாரத்தால்கூட அவர் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முகத்தில், வேனில் தூங்குகிற குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது வருமே, அந்த வெளிச்சம்.

நாலாவது சுற்றில் எஞ்சின் கத்தியது. அவள் மிதித்தாள். கியர் மாறவில்லை.

"என்னங்க, போடுங்க."

அவர் கை மடியில் கிடந்தது.

"என்னங்க! போடுங்கன்னா!"

"தூங்குறேன்" என்றார் கண்ணைத் திறக்காமல். "இந்த சீட்டுல உட்கார்ந்தாலே கண்ணைச் சொக்குதுன்னு நீதானே சொல்லுவே?"

"விளையாடாதீங்க, சுவர் வருது!"

பொய்க் குறட்டை விட்டார். அதுவும் எப்படி? அச்சு அசல் அவள் குறட்டை. இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்த குறட்டை. காலர் அக்காவுக்குக் கோபம், சிரிப்பு, பயம் மூன்றும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இந்த மனுஷனை ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்று கையை ஓங்கினாள். தொடையில் தட்டினாள். தட்டிய பிறகுதான், கை ஸ்டியரிங்கை விட்டு வந்திருக்கிறது என்று தெரிந்தது. ஊசி குத்தவில்லை. கை அப்படியே இறங்கிக் கியரில் விழுந்தது. இழுத்தாள். கர்ர்ர். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். விழுந்தது இரண்டு.

சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். பிரேக்கில்தான். குதிகாலில் இல்லை.

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

"நாலு மாசம் ஆகும்ங்க" என்றாள். "அஞ்சும் ஆகலாம். அதுக்குள்ள உங்களுக்கு..."

"ஆறு வாரத்துல போனா நீ என்னைக் கூட்டிட்டுப் போவே" என்றார் டிரைவர். "இதுல போனா ரெண்டு பேரும் போவோம்."

"ஏரி தெரியாம போயிட்டா?"

"நீ சொல்லு. தண்ணி ஏறியிருக்கா, இறங்கியிருக்கான்னு சொல்லு. இத்தனை வருஷம் நான் சொல்லலையா?"

அவள் மணி பார்த்தாள். நாலே முக்கால். ஓடினாள். டிரைவிங் ஸ்கூல் படிக்கட்டில் மூச்சு வாங்க நின்றபோது மாஸ்டர் கதவைப் பூட்டப் பாதி எழுந்திருந்தாள். காலர் அக்கா பேனாவை வாங்கி, மேனுவல் கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். காகிதம் கிழிகிற மாதிரி ஒரு டிக்.

"அக்கா, கை?"

"வந்துடுச்சு. எப்படின்னு கேட்காதீங்க, அடிக்கப் போனதுல வந்துச்சு."

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. பழைய வண்டி எடுக்கிறவர் வர வேண்டாம் என்று காலர் அக்கா சொன்னதும் பத்து நிமிஷம் திட்டினாள். அப்புறம் குரல் இறங்கி, "அண்ணன் சிரிச்சாராண்ணி?" என்று கேட்டாள். "குறட்டை விட்டார்" என்றாள் காலர் அக்கா. நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி வைத்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. லைசென்ஸ் இல்லாமல் தெருவில் வண்டியை எடுக்கக் கூடாது; டிரைவர் அதில் கறார். ஃபிளாஸ்கில் டீ போட்டு எடுத்துக்கொண்டு இருவரும் முற்றத்துக்குப் போனார்கள். பத்துச் சுற்று ஓட்டினார்கள். ஆறு சுற்றில் அவர் கியர் போட்டார், நாலு சுற்றில் அவள் போட்டாள், எல்லாவற்றிலும் கிழவி பல்லைக் கடித்தாள். கடைசியில் சுவரைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தி, பானெட்டில் சாய்ந்து டீ குடித்தார்கள். சூடான பானெட், முதுகுக்கு இதமாக இருந்தது. அந்த இதத்துக்குத்தான் எத்தனை மாசமாக அவள் மனசு கிடந்து அலைந்தது.

சுவரில் பழைய விளம்பரம் ஒன்று பாதி உரிந்திருந்தது. அதன் அடியில் மழைத்தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது, இரண்டு கை அளவு. டிரைவர் தன் சாவித் துவாரத்தை அந்தப் பக்கம் திருப்பினார். அவருக்கு அது தெரிந்ததா, தெரியவில்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"ஏய், தண்ணி ஏறியிருக்கா பாரு" என்றார்.

காலர் அக்கா பார்த்தாள். நன்றாக, நீளமாகப் பார்த்தாள்.

"ஏறியிருக்குங்க" என்றாள். "போன தடவையை விட ஏறியிருக்கு."